அணைத்துப் போட்டால் சரியாகிவிடுமா?

கணினி தாறுமாறாக நடந்துகொண்டால் அதை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்பதும், அணைத்துப் போட்டபின் அது ஓடத் தொடங்கிவிட்டால் அதற்கு இனி ஒரு குறையும் இல்லை என்பதும் கணினியைத் தொடுகிற ஏறக்குறைய எல்லாரிடமும் வேரூன்றிவிட்ட நம்பிக்கைகளாகும். தென்காசியின் ஜெராக்ஸ் கடைகளும் இ-சேவை மையங்களும், குற்றாலத்துச் சீசன் கூட்டத்துக்கு அறை ஒதுக்கும் விடுதிகளும், அரசு அலுவலகங்களும், பள்ளிகளின் கணினி அறைகளும் இந்த நம்பிக்கையில் ஒன்றுபட்டு நிற்கின்றன. பெருநகரங்களின் நிலையும் இதற்கு மாறானதன்று. ஆனால் இந்த வட்டாரத்தில் அது நிலைத்திருப்பதில் ஒரு தனி முரண் உண்டு. 2011-ல் தென்காசியில் அலுவலகம் தொடங்கி, மத்தளம்பாறையில் வளாகம் அமைத்துக்கொண்ட ஸோஹோ நிறுவனம், 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் பிறந்தபோது எடுத்துக்கொண்ட தொழிலே வலையமைப்புக் கருவிகளின் நிலையைக் கண்காணிக்கும் மென்பொருள் எழுதுவதுதான். அதன் மேனேஜ்என்ஜின் பிரிவு கணினிகள் எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவுகளைத் திரட்டி ஆராய்வதற்கென்றே ‘ஈவென்ட்லாக் அனலைசர்’ என்ற மென்பொருளை உலகெங்கும் விற்றுவருகிறது. பதிவுகளைப் படிப்பது பன்னாட்டு வணிகமாக விளங்கும் ஒரு நிறுவனத்தின் வளாகத்துக்கு மிக அருகில், தன் கணினி பதிவு எதையும் எழுதுகிறது என்பதையே அறியாமல் மக்கள் மின்பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம்பிக்கையில் உண்மையின் கூறு இல்லை என்று வாதிடுவது நேர்மையாகாது. ஒரு நிரல் தான் வாங்கிய நினைவகத்தைத் திருப்பித் தராமல் விழுங்கிக்கொண்டே போகும்போதும், இரண்டு நிரல்கள் ஒன்றுக்காக மற்றொன்று காத்துக் கிடந்து இரண்டும் உறைந்துபோகும்போதும், கருவியை அணைத்துப் போடுவது எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருகிறது. ஆகவே பெரும்பாலான வேளைகளில் வேலை நடந்துவிடுகிறது. நம்பிக்கையின் வலிமை இங்கேதான் இருக்கிறது, அதன் கேடும் இங்கேதான் இருக்கிறது. துடைக்கப்படுவது கோளாறு மட்டுமன்று, கோளாற்றின் சான்றும் சேர்ந்தே துடைக்கப்படுகிறது. அந்த நொடியில் எந்த நிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன, எது எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருந்தது, எந்தத் தொலைமுகவரியோடு எது பேசிக்கொண்டிருந்தது என்பவையெல்லாம் மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே வாழ்பவை. லினக்ஸ் அமைப்பின் மையப் பகுதியான கெர்னல், வன்பொருளைப் பற்றித் தான் காண்பவற்றை நினைவகத்திலுள்ள ஒரு வளையப் பதிவில் எழுதுகிறது. வளையம் நிரம்பியதும் பழையவற்றின்மேல் புதியவை எழுதப்படும். கருவி அணைந்தால் வளையமே இல்லாமற்போகும். அதிலுள்ளவற்றை வட்டில் படியெடுத்து வைக்கும்படி அமைக்கப்படாத கணினியில், அணைத்துப் போட்டவர் தம் கையாலேயே காரணத்தை அழித்தவராகிறார்.

இதைவிட நுட்பமான சேதம் ஒன்று விண்டோஸ் கணினிகளில் நேர்கிறது. விண்டோஸ் தன் பதிவுகளை வட்டில் வைப்பதால் அவை அணைப்பில் அழிவதில்லை என்பது மெய்யே. ஒவ்வொரு நிகழ்வுக்கும் அது ஓர் எண் கொடுத்து வைக்கிறது. முறையாக அணைக்கப்பட்டால் 1074 என்ற எண்ணோடு, யார், எந்த நிரலின் வழியாக, என்ன காரணத்துக்காக அணைத்தார்கள் என்பது பதிவாகும். முறையின்றி நின்றுபோனால், மீண்டும் எழும்போது 6008 என்ற எண்ணும், மின்சாரப் பகுதியின் பெயரால் 41 என்ற எண்ணும் பதிவாகும். மலையடிவார ஊர்களில் பருவமழையின்போது மரக்கிளை கம்பியில் சாய்ந்து மின்சாரம் போவதும், வந்து போவதும் புதிதன்று. ஆகவே மின்தடையால் நின்ற கணினிக்கும், தன் உள்கோளாற்றால் விழுந்த கணினிக்கும் வேறுபாடு காண்பது இங்கே மற்ற இடங்களைவிடத் தேவையானது. 41 என்ற பதிவின் உள்ளே இருக்கும் பிழைக்குறி எண் சுழியமாக இல்லாவிட்டால் அமைப்பே நொறுங்கி விழுந்தது என்று பொருள். சுழியமாக இருந்தால் மின்சாரம் போயிருக்கலாம், அல்லது கருவி உறைந்திருக்கலாம், அல்லது யாரோ பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கலாம். அதாவது, பொறுமையிழந்து பொத்தானை அழுத்திப் பிடிப்பவர் மின்தடை விட்டுச்செல்லும் தடத்தைப் போன்ற ஒன்றைத் தாமே உண்டாக்கி, மெய்யான மின்தடைகளின் நடுவே அதைக் கலந்துவிடுகிறார். பின்னர் யு.பி.எஸ். பழுதா, மின்வாரியத்தின் குறையா, கருவியின் மின்பகுதி பழுதா என்று கேட்க வருபவருக்குக் கலங்கிய பதிவே கிடைக்கும். அந்த நிலையில் பழுதுபார்ப்பவர் ஊகத்தின்மேல் ஒரு பாகத்தை மாற்றுவார், உரிமையாளர் அதற்குப் பணம் கொடுப்பார்.

நிகழ்வுப் பதிவு, அதாவது தொழிலில் லாக் என்று அழைக்கப்படுவது, நிரல் தான் செய்ததையும் தனக்கு நேர்ந்ததையும் நேரக்குறிப்போடு வரிவரியாக எழுதிவைக்கும் கோப்பாகும். யூனிக்ஸ் உலகில் இதற்கென ஒரு பொது முறையை 1980-களில் பெர்க்கிலியில் எரிக் ஆல்மன் தம் சென்ட்மெயில் என்ற அஞ்சல் நிரலுக்காக உருவாக்கினார். சிஸ்லாக் எனப்பட்ட அது மற்ற நிரல்களாலும் எடுத்துக்கொள்ளப்பட்டு, 2001-ல் விவர ஆவணமாகவும் 2009-ல் இணையத் தர ஆவணமாகவும் எழுதப்பட்டது. அதன் மிகப் பயனுள்ள ஏற்பாடு, செய்திகளை அவற்றின் கடுமையால் சுழியம் முதல் ஏழு வரை எட்டுப் படிகளாகப் பிரித்ததாகும்: சுழியம் என்றால் அமைப்பே பயன்படாத நிலை, மூன்று என்றால் பிழை, நான்கு எச்சரிக்கை, ஆறு வெறும் தகவல், ஏழு நிரல் எழுதுவோருக்கான நுண்விவரம். பதிவுகள் ஆயிரக்கணக்கான வரிகள் கொண்டவை, மனிதர் படிக்கக்கூடியவை அல்ல என்று கைவிரிப்பவர்கள் இந்தப் படிகளை அறியாதவர்கள். இன்றைய லினக்ஸ் அமைப்புகள் பெரும்பாலானவற்றில் உள்ள ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளைக்குப் படி எண்ணைச் சொல்லிவிட்டால், பிழை என்ற படியிலும் அதைவிடக் கடுமையான படிகளிலும் உள்ளவை மட்டும் திரையில் நிற்கும். இன்ன நாளின் இன்ன மணி முதல் என்று கேட்டால் அதுமுதல் நிற்கும். பதிவுகள் வட்டில் வைக்கப்பட்டிருந்தால், இப்போதைய ஓட்டத்துக்கு முந்தைய ஓட்டத்தில், அதாவது கருவி விழுவதற்குச் சற்றுமுன் நடந்தவற்றை மட்டும் காட்டு என்றுகூடக் கேட்கலாம். பல்லாயிரம் வரிகள் இருபது வரிகளாகச் சுருங்கும்.

அந்த இருபது வரிகளில் என்ன இருக்கும் என்பதைக் கண்டவர்கள் அணைத்துப் போடும் பழக்கத்துக்கு எளிதில் திரும்புவதில்லை. வட்டின் ஒரு பகுதியைப் படிக்க முடியவில்லை என்ற உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை ஒரே இடத்தைச் சுட்டித் திரும்பத் திரும்ப வந்திருந்தால், அந்த வட்டு சாகத் தொடங்கிவிட்டது என்றும், அதிலுள்ளவற்றை அன்றைக்கே படியெடுக்க வேண்டும் என்றும் பொருள். அணைத்துப் போட்டால் அது இன்னும் சில நாள் ஓடக்கூடும், அந்தச் சில நாளை உரிமையாளர் குணம் என்று எடுத்துக்கொள்வார். நினைவகம் தீர்ந்துபோனதால் இன்ன நிரலைக் கொன்றேன் என்று கெர்னலே ஒப்புக்கொள்ளும் வரி இருந்தால், கணக்கு மென்பொருள் தானாக மறைந்துபோவதற்கு வைரசும் இல்லை, வாஸ்துவும் இல்லை, நினைவகம் போதவில்லை அல்லது வேறொரு நிரல் அதை விழுங்குகிறது என்று தெரிந்துவிடும். கணினி தன் நோயைத் தானே எழுதிவைத்திருக்கும்போது அதைப் படிக்காமல் ஊகிப்பதை அனுபவ அறிவு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது நம்மிடையே எப்படி வழக்கமானது என்பது வியப்புக்குரியது.

நம்பிக்கையின் இரண்டாவது கிளை, ஓடுகிற கணினி நலமான கணினி என்பது, முதற் கிளையைவிட ஆபத்தானது. அதை மறுப்பதற்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. தென்காசி தனி மாவட்டமாவதற்கு ஒரு மாதத்துக்கும் குறைவான நாட்களே இருந்த 2019 அக்டோபர் இறுதியில், அப்போதைய ஒன்றுபட்ட திருநெல்வேலி மாவட்டத்தின் மறுகோடியிலுள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினியில் தீநிரல் புகுந்ததாகச் செய்தி பரவியது. அக்டோபர் 29-ஆம் நாள் நிலையத்தின் தரப்பிலிருந்து மறுப்பு வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் தீநிரல் கண்டறியப்பட்டது உண்மைதான் என்றும், கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் அதைக் கவனித்துச் செப்டம்பர் 4-ஆம் நாள் தெரிவித்தது என்றும், தொற்றிய கணினி நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த ஒரு பயனருடையது என்றும், உலைக் கட்டுப்பாட்டோடு தொடர்புடைய உள்வலையமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கிறது என்றும் அறிவித்தது. உலை பாதிக்கப்படவில்லை என்பதில் ஐயமில்லை. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. அந்தக் கணினியை நலமற்றது என்று சொல்லக்கூடிய வெளிக்குறி எதுவும் இருந்திருக்கத் தேவையில்லை. உளவு பார்க்கும் தீநிரலின் வெற்றியே அது புகுந்த கருவி வழக்கம்போல் ஓடுவதில்தான் இருக்கிறது. அணைத்துப் போடுவதும் பயன்தராது. தன்னை நிலைநிறுத்திக்கொண்ட தீநிரல் கருவியோடு சேர்ந்தே மீண்டும் எழும்.

அந்தத் தீநிரலின் வகை டிட்ராக் என்று அடையாளம் காணப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் அவ்வகையைப் பற்றி வெளியிட்ட விவரங்களின்படி, விசைப்பலகையில் அழுத்தப்படுவதைப் பதிவது, உலாவியின் வரலாற்றை எடுப்பது, கருவியின் வலைமுகவரிகளையும் செயலிலுள்ள இணைப்புகளையும் திரட்டுவது, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைப் பட்டியலிடுவது ஆகியவை அதன் வேலைகள். இவற்றுள் பின்னவற்றுக்காக அது புதுமையான கருவி எதையும் கொண்டுவரவில்லை. விண்டோஸின் கட்டளை வரியில் ஆண்டாண்டாய்க் கிடக்கும் ஐபிகான்ஃபிக், நெட்ஸ்டாட், டாஸ்க்லிஸ்ட் என்ற கட்டளைகளை ஓட்டி, அவற்றின் விடைகளைக் கோப்பில் சேர்த்துக்கொண்டது. கட்டளை வரி பழமையானது, சாதாரணப் பயனருக்கு வேண்டாதது என்ற வாதத்துக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு இருக்க முடியாது: நீ யார், உன்னில் என்ன ஓடுகிறது, நீ யாரோடு பேசுகிறாய் என்ற மூன்று கேள்விகளைக் கணினியிடம் கேட்கத் திருடனுக்குத் தெரிந்திருக்கிறது, உரிமையாளருக்குத் தெரிந்திருக்கவில்லை.

கட்டளை வரி என்பது படங்களையும் பொத்தான்களையும் சுட்டாமல், எழுத்தால் கேட்டு எழுத்தால் விடை பெறும் முறையாகும். கறுப்புத் திரையும் பச்சை எழுத்தும் தோன்றினாலே வங்கி கொள்ளைபோகப் போகிறது என்று திரைப்படங்கள் பழக்கிவிட்டதால், அது மேதைகளுக்கோ குற்றவாளிகளுக்கோ உரியது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. உள்ளபடியே அது மிகவும் சலிப்பூட்டும் கருவி, அதுவே அதன் சிறப்பும் ஆகும். படத்திரை இந்தக் கணத்தைக் காட்டும். எழுத்து விடையோ சேமிக்கவும், நேற்றைய விடையோடு ஒப்பிடவும், நேரத்தால் தேடவும், தொலைவிலுள்ள ஒருவருக்கு ஒரு செய்தியில் அனுப்பவும் இடம் தரும். படத்திரையே எழாதபோதும் அது எழும். 2024 ஜூலை 19-ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு கோப்பால், மைக்ரோசாஃப்ட் கணிப்பின்படி ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கருவிகள் உலகெங்கும் நீலத்திரையில் சிக்கி விழுந்து விழுந்து எழுந்தன. இந்திய விமான நிலையங்களில் விமானத்தில் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டுகள் கையால் எழுதப்பட்டன. மேகக் கணினிகளில் சில பதினைந்து முறை வரை அணைத்துப் போட்டபின் மீண்டன என்பது அணைத்துப் போடுவோருக்குச் சாதகமான செய்தி, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெருவாரியான கருவிகளுக்கு ஒருவர் நேரில் சென்று, பாதுகாப்பு நிலையிலோ மீட்புக் கட்டளைத் திரையிலோ நுழைந்து, அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. எந்தக் கருவிக்கு அந்தக் கோப்பு போயிருக்கும் என்பதற்கும் விடை நேரக்குறிப்பில் இருந்தது: பழுதான கோப்பு வெளியான நேரம் இந்திய நேரப்படி காலை 9.39, திரும்பப் பெறப்பட்ட நேரம் 10.57; இடைப்பட்ட 78 நிமிடங்களில் இணையத்தில் இருந்த கருவிகளே பாதிக்கப்படக்கூடியவை.

நிலையறியும் கட்டளைகள் பதிவுகளின் மறுபாதி. அவற்றிலும் அரைகுறை அறிவு நம்பிக்கையாக உறைந்திருக்கிறது. காலியான நினைவகம் குறைவாக இருந்தால் கணினி திணறுகிறது என்று பலர் அஞ்சுகிறார்கள். லினக்ஸோ சும்மா கிடக்கும் நினைவகத்தை வட்டிலிருந்து படித்தவற்றின் தற்காலிகப் படிகளுக்கு ஒதுக்கி, தேவை வந்ததும் திருப்பித் தருகிறது. ஆகவே ஃப்ரீ என்ற கட்டளையின் விடையில் காலி என்ற பத்தியைப் பாராமல் கிடைக்கக்கூடியது என்ற பத்தியைப் பார்க்க வேண்டும். அப்டைம் என்ற கட்டளை கருவி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதோடு, கடந்த ஒன்று, ஐந்து, பதினைந்து நிமிடங்களின் சராசரிச் சுமையை மூன்று எண்களாகத் தரும். அவற்றைச் செயலியின் கருக்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டாலன்றிப் பொருள் இல்லை, நான்கு கருக்கள் கொண்ட செயலிக்கு நான்கு என்ற சுமை நிறைவானது, ஒரு கரு கொண்டதற்கு அது நெருக்கடி. மூன்றையும் சேர்த்துப் படித்தால் சுமை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும் தெரியும். குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழத் தொடங்கியதும் குளிக்கத் தடை போடுவது, மேலே மலையில் பெய்த மழையைக் கீழே நிற்பவன் காண முடியாது என்பதால்தான். இந்த மூன்று எண்களும் அப்படிப்பட்ட வளைவுகளே. வட்டில் எவ்வளவு இடம் மீதி என்று டிஎஃப் சொல்லும், யார் எப்போது உள்நுழைந்தார்கள் என்று லாஸ்ட் சொல்லும். இவற்றைக் கற்க ஒரு பிற்பகல் போதும்.

இத்தகைய சலிப்பான பார்வை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டறிந்தது சான்றாகும். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் சேவை வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதிப்பதையும், தோல்வியுறும் நுழைவுகள்கூடச் செயலியை அளவுக்கு மீறி உழைக்க வைப்பதையும் அவர் கவனித்தார். ஓடுகிறதல்லவா, போதும் என்று விட்டிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தொடர்ந்து தோண்டியபோது, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளுக்குள் யாரோ திட்டமிட்டு வைத்திருந்த கள்ளக் கதவு வெளிப்பட்டது. பெருவழக்கிலுள்ள லினக்ஸ் வெளியீடுகளுக்குள் அது முழுமையாகப் புகுவதற்குமுன் தடுக்கப்பட்டது.

சட்டமும் இந்த நம்பிக்கையை ஏற்கனவே கைவிட்டுவிட்டது. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் பிறப்பித்த நெறிமுறைகள், நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை இயக்கத்தில் வைத்து 180 நாள் காக்க வேண்டும், பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருத்த வேண்டும் என்று விதிக்கின்றன. கடிகார விதி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பல அமைப்புகள் உலகப் பொது நேரத்தில் எழுதுவதால், பதிவில் அதிகாலை 3.30 என்றிருப்பது தென்காசியில் கடை திறக்கும் 9 மணியாக இருக்கும், ஐந்தரை மணி நேர வேறுபாட்டை மறந்தவர் ஊழியரை விட்டுவிட்டு இல்லாத இரவுத் திருடனைத் தேடுவார்.

எஞ்சியிருக்கும் தடை ஆங்கிலம் என்பதாகும். பதிவுகள் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ்வழி படித்தவர்களுக்கு அவை எட்டா என்பது இந்த நம்பிக்கையின் கடைசி அரண். பதிவுகளில் மீண்டும் மீண்டும் வரும் ஆங்கிலச் சொற்கள் சில டஜன்களே, ஜி.எஸ்.டி. படிவத்தையும் ரயில் முன்பதிவுத் திரையையும் அன்றாடம் கையாளும் கடைக்காரருக்கு அவை பெரிய சுமையல்ல. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு வழியே இறங்கினால் வரும் கேரளத்தில், அரசுப் பள்ளிகள் உபுண்டு வழிவந்த லினக்ஸ் அமைப்பையே பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகின்றன. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற கருவிகள் பலவற்றில் விண்டோஸுக்குப் பக்கத்தில் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் இருந்தது. கறுப்புத் திரை ஏற்கனவே வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தது, அதைத் திறக்கச் சொல்பவர்தான் இல்லை. மொழிக் குறையைத் தீர்க்கும் வழியும் கருவிக்குள்ளேயே இருக்கிறது: ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு விளக்கம் சேர்த்துக் காட்டு என்று ஒரு குறி கொடுத்தால், முக்கியமான செய்திகளின் கீழ் அவை எதனால் வருகின்றன, என்ன செய்யலாம் என்ற விளக்கம் தோன்றும், அந்த விளக்கத் தொகுப்பு பிரெஞ்சு, ரஷ்யன், கொரியன் உள்ளிட்ட மொழிகளில் தன்னார்வலர்களால் பெயர்க்கப்பட்டிருக்கிறது. யாரும் எடுத்துத் திருத்தி அனுப்பக்கூடிய திறந்த மூலக் கோப்பு அது, அளவிலும் சிறியது, மத்தளம்பாறைக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்குப் போகிற இளைஞர்கள் சிலர் சேர்ந்தால் ஒரு சாரல் பருவத்துக்குள் அதைத் தமிழில் முடித்துவிடலாம்.